ஆணிக்காரி

அவளுக்கும் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்தது. அது பள்ளிக்கூடச் சான்றிதழோடு சரி. தெருவில் யாரைக் கேட்டாலும் ஆணிக்காரி என்றால்தான் கை நீட்டி வழி காட்டுவார்கள்.

டயர் கடைகளும் வெல்டிங் பட்டறைகளும் வரிசையாக இருக்கும் அந்தத் தெருவின் கோடியில் தகரக் கூரை போட்ட நீளமான கொட்டகை ஒன்று உண்டு. அதுதான் அவர்கள் குடும்பத்து மரப்பட்டறை. புது மரம் அங்கே வாங்குகிற வழக்கமே இல்லை. எங்காவது பழைய கட்டடத்தைப் பிரிக்கிறார்கள், கிடங்கை இடிக்கிறார்கள், படகை உடைக்கிறார்கள் என்று காதில் விழுந்தால் போதும், லாரி அங்கே போய் நிற்கும். உத்தரம், கதவு, நிலை, தரைப்பலகை எல்லாம் வந்து முற்றத்தில் குவியும். மேலே கரியும் சுண்ணாம்பும் பல தலைமுறைப் பல்லிகளின் எச்சமும் அப்பிக் கிடக்கும். புதிதாகப் பார்ப்பவர்கள் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். ஒரு தடவை இழைத்துக் காட்டினால் மூக்கிலிருந்து கையை எடுத்து மரத்தைத் தடவ ஆரம்பித்துவிடுவார்கள். உள்ளே வைரம் பாய்ந்து, இரும்பு மாதிரி இருக்கும்.

அந்த மரத்தோடு கூடவே வருகிற சனியன் ஆணி. தலை உள்ள ஆணி, தலை போன ஆணி, வளைந்தது, துருப்பிடித்து மரத்தோடு மரமாகிப்போனது என்று எத்தனையோ வகை. ஒன்றை விட்டுவிட்டால் ரம்பத்தின் பல் போகும். அப்பா ரம்பத்தைப் பிடித்தார். தம்பி, சின்னப் பையனாக இருந்தாலும், உளியைப் பிடித்தான். வீட்டில் யாருக்கும் பிடிக்காத வேலை ஆணி பிடுங்குவது. அதனால் பெண் பிள்ளை கையில் குறடு வந்து சேர்ந்தது. கயிற்றில் ஒரு காந்தத்தைக் கட்டிக்கொண்டு, பலகை மேல் அதைத் தொங்கவிட்டுத் தொங்கவிட்டு அவள் ஆணி தேடுவதைப் பார்த்துத் தெருப் பிள்ளைகள் வைத்த பட்டம்தான் ஆணிக்காரி. முதலில் அழுதாள். பிறகு, அப்படிக் கூப்பிட்டவனைத் துரத்திக்கொண்டு ஓடினாள். அதற்கும் பிறகு, அப்படிக் கூப்பிட்டால்தான் திரும்பிப் பார்த்தாள்.

ஆணி பிடுங்கிக்கொண்டே மற்ற வேலைகளையும் கண்ணால் திருடிவிட்டாள். பள்ளிப் படிப்பு முடிந்த வருஷம், கழிவாக ஒதுக்கிய துண்டுகளை வைத்து ஒரு முக்காலி செய்தாள். அப்பா அதைத் தூக்கிப் பார்த்தார், ஆட்டிப் பார்த்தார், தான் செய்ததாகச் சொல்லி மருந்துக்கடைக்காரருக்கு விற்றுவிட்டார். மறுநாள் காலையில் அவள் மருந்துக்கடை வாசலில் போய் நின்றாள். கடையில் நல்ல கூட்டம்.

"அந்த முக்காலியச் செஞ்சது எங்கப்பா இல்ல. நான்."

மருந்துக்கடைக்காரர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "இருந்துட்டுப் போகட்டும்மா. அதுக்கென்ன இப்போ?"

"அதுக்கு ஒண்ணும் இல்ல. உட்கார்ந்து எழுந்திருக்கிறவருக்குத் தெரிஞ்சிருக்கணும் இல்ல?"

விஷயம் அவள் வீடு வந்து சேர்வதற்கு முன்பே அப்பா காதுக்குப் போய்விட்டது. "என் மானத்தை வாங்கிட்டியே!" என்று வானத்துக்கும் பூமிக்கும் குதித்தார். ஆனால் அன்றிலிருந்து யாராவது, இது யார் கைவேலை என்று கேட்டால், "அவகிட்டயே கேட்டுக்கோங்க சாமி. நான் ஏதாவது மாத்திச் சொன்னா உங்க வீட்டு வாசலுக்கு வந்து நிப்பா" என்று ஒதுங்கிக்கொண்டார்.

அவள் கல்யாணக் கதையும் இதே ரகம்தான். பஸ் ஓட்டுநர் ஒருவர் நாற்காலி வாங்க வந்தார். உட்கார்ந்து பார்த்துவிட்டு, "கால் தரையில பாவலையே" என்றார்.

"நாற்காலி சரியாத்தான் இருக்கு. உங்க காலுதான் குட்டை."

மனுஷன் கோபித்துக்கொள்ளவில்லை. விழுந்து விழுந்து சிரித்தார். நாற்காலியை வாங்கிக்கொண்டு போனவர் மறு வாரமே திரும்பி வந்தார். "காலை இழுத்து நீட்டிப் பார்த்துட்டேன், வழிக்கு வரல. நாற்காலியக் கொஞ்சம் குறைச்சுத் தர முடியுமா?" என்று கேட்டார். குறைத்துக் கொடுத்தாள். அடுத்த வாரம் எந்தக் காரணமும் இல்லாமல் வந்தார். அவரைத்தான் கட்டிக்கொண்டாள்.

அப்பா காலமான பிறகு பட்டறை அக்காவுக்கும் தம்பிக்கும் பாதிப் பாதி என்று ஆனது. மரம் தேர்ந்தெடுப்பது, துளை வெட்டிச் சட்டங்களைக் கோர்ப்பது எல்லாம் அவள். வாடிக்கையாளர்களிடம் பேசுவது, அளவெடுப்பது, மெருகேற்றுவது தம்பி. அவன் இளகிய மனசுக்காரன். அவள் வெட்டு ஒன்று துண்டு இரண்டு என்று பேசிக் கெடுத்ததை எல்லாம் அவன் குழைந்து பேசிச் சரிக்கட்டுவான். நாளெல்லாம் இரண்டு பேரும் சண்டை போட்டுக்கொள்வார்கள். சாயங்காலம் கதவைப் பூட்டும்போது ஒன்றாகத்தான் பூட்டுவார்கள்.

அது ஒரு சாதாரணக் காலை நேரம். பழைய சரக்குக் கிடங்கு ஒன்றின் கதவுப் பலகைகளை இழைப்பு மெஷினில் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். மேசை மாதிரியான மெஷின் அது. நடுவில் கத்தி சுழலும். பலகையை அதன் மேல் கையால் அழுத்தித் தள்ள வேண்டும். தம்பி ஒவ்வொரு பலகையாக எடுத்துக் கொடுத்தான், அவள் தள்ளினாள். ஒரு பலகைக்குள் தலை முறிந்த ஆணி ஒன்று படுக்கை வசத்தில் ஒளிந்திருந்தது. அவள் காந்தத்துக்கும் அது சிக்கவில்லை, கண்ணுக்கும் சிக்கவில்லை. கத்தி அதில் மோதியதும் பலகை உதறிக்கொண்டு பின்னால் பாய்ந்தது. அதை அழுத்திக்கொண்டிருந்த இடது கை நேராகக் கத்தியில் போய் விழுந்தது.

தம்பிதான் சுவிட்சை அணைத்தான். தன் சட்டையைக் கழற்றி அவள் கையைச் சுற்றினான். டயர் கடைக்காரர் வண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். ஆட்காட்டி விரலும் நடுவிரலும் போயே போய்விட்டன.

மயக்கம் தெளிந்ததும் பக்கத்தில் கணவர் கண் வீங்கி உட்கார்ந்திருந்தார். கட்டுப் போட்ட கையைத் தூக்கிப் பார்த்தாள்.

"ஏங்க, இனிமே எதையாவது விரல் விட்டு எண்ணணும்னா எட்டோட நிறுத்திக்கணும்."

அவர் சிரிக்க முயன்று, முடியாமல், வாயைப் பொத்திக்கொண்டு வெளியே எழுந்து போனார். அவர் போன பிறகுதான் அவள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

புண் ஆறுவதற்குள்ளேயே வீட்டில் பஞ்சாயத்து கூடிவிட்டது, அவளைக் கேட்காமல். கட்டுப் பிரிக்கும் முன்பே ஒரு நாள், சும்மா பார்த்துவிட்டு வரலாம் என்று பட்டறைக்குப் போனாள். அவள் வேலை பார்க்கும் மேடையைக் காணோம். அந்த இடத்தில் ஒரு சின்ன மேசை, மெத்தை வைத்த நாற்காலி, தொலைபேசி, புத்தம் புது மின்விசிறி.

"வர்றவங்ககிட்டப் பேசிக்கிட்டு இங்க உட்கார்ந்திருந்தாப் போதும் அக்கா" என்றான் தம்பி. அவள் முகத்தைப் பார்க்காமல் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

"நான் பேசினா வர்ற ஆளும் ஓடிடுவான்னு நீதானே சொல்லுவே?"

முற்றத்திலிருந்து தடால் தடால் என்று சத்தம் கேட்டது. வெளியே போய்ப் பார்த்தாள். செங்கல் சூளை லாரி ஒன்று நின்றது. ஆட்கள் பழைய மரத்தை எல்லாம் வாரி அதில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். கிடங்குக் கதவுகள், பாலத்துப் பலகைகள், அவள் ஆசை ஆசையாய்ப் பொறுக்கிச் சேர்த்த உத்தரங்கள் எல்லாம் சூளையில் எரியப் போகின்றன.

"பழைய மரமே இனி வேணாம். தொழிற்சாலைப் பலகை வாங்கி அலமாரி செய்யலாம். ஆணியும் இல்ல, ஆபத்தும் இல்ல" என்றான் தம்பி, பின்னாலேயே வந்து.

அவள் லாரிச் சக்கரத்தில் கால் வைத்து, நல்ல கையால் பக்கப் பலகையைப் பிடித்து, முழங்காலை ஊன்றி மேலே ஏறினாள். மரக்குவியலின் உச்சியில் போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

லாரிக்காரர் அண்ணாந்து பார்த்தார். "அம்மா, இறங்குங்க. எடை போட நேரமாகுது."

"என்னையும் சேர்த்துப் போட்டுக்கோ."

தெருவே வேலையைப் போட்டுவிட்டு வேடிக்கை பார்க்க வந்தது. தம்பி கெஞ்சினான், கத்தினான். "உனக்குப் பைத்தியமா பிடிச்சிருக்கு? கட்டுல ரத்தம் கசியுது பாரு!" என்றான். கசிந்ததுதான். அவள் அதை மடியில் வைத்துக்கொண்டு அசையாமல் இருந்தாள். உச்சி வெயில் தகரத்தில் பட்டுக் கண்ணைக் குத்தியது. யாரும் எதிர்பாராத ஒன்று அப்போது நடந்தது. தம்பி மனைவி பட்டறையை ஒட்டிய வீட்டுக்குள்ளிருந்து ஒரு செம்புத் தண்ணீரோடு வந்தாள். அதிர்ந்து ஒரு சொல் பேசாதவள். லாரி மேல் கையை நீட்டி, "அண்ணி, குடிங்க" என்றாள்.

"நீ உள்ள போ!" என்று அவள் மேல் பாய்ந்தான் தம்பி.

"அவங்க குடிச்சிட்டுச் செம்பைத் தரட்டும், போறேன்."

ஆணிக்காரி அவசரமே படாமல் மடக்கு மடக்காகக் குடித்தாள். அதற்குள் லாரிக்காரருக்குப் பொறுமை போய்விட்டது. "உங்க குடும்பச் சண்டையைத் தீர்த்துட்டுச் சொல்லி அனுப்புங்க" என்று சொல்லி, மரத்தை எல்லாம் இறக்கிப் போடச் சொன்னார். கடைசி உத்தரம் இறங்கும்வரை அவள் கீழே இறங்கவில்லை.

அன்று பிற்பகலில் தம்பி கொட்டகை மூலையில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். "அந்தச் சத்தம் இன்னும் என் காதுல கேக்குது அக்கா. அந்தப் பலகைய உன் கையில எடுத்துக் குடுத்தது நான்."

"எடுத்துக் குடுத்தது நீ. ஆணி பார்த்தது நான். தள்ளினதும் நான். பட்டறையிலதான் உனக்குப் பாதிப் பங்கு. என் விரல்ல இல்ல."

"எனக்குப் பயமா இருக்கு."

"இருக்கட்டும். உன் பயத்துக்காக நான் ஏன்டா விசிறிக்குக் கீழ உட்காரணும்?"

அவன் அதற்கும் மசியவில்லை. அவளுக்கு இருக்கும் பிடிவாதத்தில் பாதியாவது அவனுக்கு இருக்காதா? கொட்டகையின் நடுவே தொழிற்சாலைப் பலகையால் ஒரு தடுப்பு அடித்தான். இந்தப் பக்கம் அவன் அலமாரிகள். அந்தப் பக்கம் அவளும் அவள் பழைய மரமும். தெருக்காரர்கள் அதற்கு எல்லைக்கோடு என்று பெயர் வைத்தார்கள். ஒட்டுப் பசை வேண்டுமென்றால்கூட அக்காவும் தம்பியும் தம்பி மனைவி மூலமாகத்தான் கேட்டுக்கொண்டார்கள். அவள் போய்ச் சொல்வதற்கு அவசியமே இல்லாமல் தடுப்புக்கு அந்தப் பக்கம் எல்லாம் தெளிவாகக் கேட்கும் என்பது வேறு விஷயம்.

லாரி மேல் ஏறி உட்காருவது சுலபம். உளி பிடிப்பதுதான் கஷ்டமாக இருந்தது. இடது கையில் உளியை வைத்து வலது கையால் தட்டினால் உளி சரிந்து ஓடியது. வெட்டிய துளைகள் எல்லாம் எலி கடித்தது போல் இருந்தன. இல்லாத விரல்கள் நமநமவென்று அரித்தன, சொரிவதற்கு இடமில்லை. ஒரு தடவை உளியைத் தூக்கிச் சுவரில் எறிந்தாள். அது தகரத்தைக் கிழித்துக்கொண்டு வெல்டிங் பட்டறைக்குள் போய் விழுந்தது. வெல்டிங்காரர் அதை எடுத்து வந்து, ஒன்றும் கேட்காமல், ஓட்டையை மட்டும் அடைத்துக் கொடுத்துவிட்டுப் போனார்.

அவரிடமே பிறகு ஒரு வேலை சொன்னாள். உளிகளின் பிடியை நீளமாக்கி, மணிக்கட்டில் மாட்டிக்கொள்ள ஒரு வளையம் வைக்கச் சொன்னாள். சைக்கிள் டியூபை வெட்டிப் பிடியில் சுற்றினாள். சுண்டுவிரலும் மோதிர விரலும் கட்டை விரலும் சேர்ந்து புதிதாக ஒரு பிடி பழகின. முதலில் குழந்தை கரண்டி பிடிப்பது போல் இருந்தது. நாளாக ஆக, துளைகளின் ஓரங்கள் நேராயின.

இழைப்பு மெஷின் தடுப்புக்கு அவள் பக்கம்தான் இருந்தது. அதை முதல்முறை போட்டபோது சத்தம் கேட்டதுமே அணைத்துவிட்டு வெளியே ஓடிப்போய் வாந்தி எடுத்தாள். அன்றைக்குக் கணவருக்கு விடுமுறை. அவர்தான் முதுகைத் தடவிக் கொடுத்தார்.

"விட்டுடேன்மா. கையாலயே இழைச்சுக்கோ. யாரு கேக்கப் போறா?"

"நான் கேப்பேன்" என்றாள் வாயைத் துடைத்துக்கொண்டு. "பயந்துதான் கையால இழைக்கிறேன்னு எனக்குத் தெரியுமே."

கையை ஒட்டி வைக்காமல் பலகையைத் தள்ளுவதற்கு நீளமான இரண்டு மரக்கட்டைகளைச் செதுக்கிக்கொண்டாள். ஆணி தேடுவதற்கு ஒரு மெட்டல் டிடெக்டரும் வாங்கினாள். மறுபடி மெஷினைப் போட்டாள். விரலைப் பறித்த அதே கிடங்குப் பலகையைத்தான் முதலில் எடுத்தாள். அதை எரித்துவிடச் சொல்லி ஆளாளுக்கு ஓதிக்கொண்டிருந்தார்கள். "பலகை என்ன செய்யும் பாவம்?" என்று சொல்லி, ஒளிந்திருந்த ஆணியைக் குடைந்து எடுத்தாள். இரண்டு கட்டைகளாலும் அழுத்தித் தள்ளினாள். தடுப்புக்கு அந்தப் பக்கம் தம்பியின் சுத்தியல் சத்தம் நின்றது. பலகை முழுவதும் ஓடி முடிந்து மெஷின் அணையும்வரை அது நின்றேதான் இருந்தது.

மரம் வசப்பட்டது, மனுஷர்கள்தான் வசப்படவில்லை. பெண்கள் விடுதி நடத்தும் அம்மாள் ஒருவர், பிள்ளைகள் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட நீளமான மேசை வேண்டும் என்று வந்தார். பேச்சு நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, அவர் பார்வை அவள் கையில் விழும்வரை.

"ஐயோ, இந்தக் கையை வெச்சுக்கிட்டா? நீங்க சிரமப்பட வேணாம்மா. உங்க தம்பியச் செய்யச் சொல்லுங்களேன்."

"தம்பி பெட்டி அடிக்கிறவன். மேசை செய்யறது நான்தான்."

"இல்ல... பிள்ளைங்க புழங்குற மேசை, ஆடிடக் கூடாது பாருங்க."

"அப்போ ஆடாதவங்ககிட்டப் போய் வாங்கிக்கோங்க" என்று வாசலைக் காட்டிவிட்டாள். தம்பி தடுப்புக்குப் பின்னாலிருந்து தலையில் அடித்துக்கொண்ட சத்தம் தெளிவாகக் கேட்டது.

அந்த ரோஷத்தில்தான் யாருமே கேட்காத மேசையைச் செய்ய ஆரம்பித்தாள். அந்த அம்மாள் சொன்னதைவிட நீளமாக, ஒரு பந்தியே உட்காரும் அளவுக்கு. மேலே கிடங்குக் கதவுப் பலகைகள். கால்களுக்குப் பாலத்து மரம். இரும்புத் திருகாணி ஒன்றுகூட இல்லை. எல்லாம் துளைக்குள் சட்டம் நுழைத்து, மர முளை அடித்து இறுக்கியதுதான். இரண்டு கால்களை வீணாக்கி மறுபடி செய்தாள். மழைக்காலம் வந்து போயிற்று. "எப்போ முடியும்?" என்று கணவர் கேட்டால், "எது?" என்று திருப்பிக் கேட்பாள். முடிந்த அன்று மேசை மேல் ஏறி நின்று குதித்துப் பார்த்தாள். இம்மி ஆடவில்லை.

அப்போதுதான் அவள் யோசிக்காத ஒன்று உறைத்தது. மேசை கொட்டகையின் பாதி அகலத்துக்குக் கிடந்தது. அவள் பக்கத்துச் சின்ன வாசலில் அது நுழையாது, தடுப்பைப் பிரித்தால் ஒழிய அதை வெளியே எடுக்க வழியே இல்லை.

விடுதி அம்மாள் மறுபடி வந்தது தம்பியிடம் அலமாரி வாங்கத்தான். இடுக்கு வழியாக மேசை கண்ணில் பட்டுவிட்டது. சுற்றிக்கொண்டு உள்ளே வந்தார். ஓரத்தைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார். தன் பலத்தை எல்லாம் சேர்த்து ஆட்டிப் பார்த்தார். பிறகு உட்கார்ந்துவிட்டார்.

"அன்னைக்கு நான் அப்படிச் சொன்னது தப்பும்மா."

பரவாயில்லை என்ற பதிலை எதிர்பார்த்திருப்பார். எவரும் அப்படித்தான் சொல்வார்கள்.

"தப்புதான்" என்றாள் ஆணிக்காரி.

அந்த அம்மாள் ஒரு கணம் திகைத்துவிட்டுத் தலையை ஆட்டினார். "இந்த ஆணி ஓட்டையெல்லாம் அடைச்சுத் தருவீங்களா?"

"மாட்டேன். அது மரத்தோட வயசு. வேணும்னா இப்படியே எடுத்துக்கோங்க."

"இப்படியே குடுங்க" என்றார் அவர்.

மேசையை எடுக்க வேண்டிய நாளில் தெருவிலிருந்து ஆட்கள் வந்தார்கள். தம்பி யாரிடமும் எதுவும் சொல்லாமல் சுத்தியலை எடுத்து வந்து தடுப்புப் பலகைகளை ஒவ்வொன்றாகக் கழற்றினான். கழற்றி முடித்துவிட்டு மேசையின் ஒரு மூலையைப் பிடித்தான். மறு மூலையை அவள் பிடித்திருந்தாள்.

"அக்கா, நீ பிடிக்காத. கை..."

"நீ உன் மூலையப் பாரு."

வெகு நாட்களுக்குப் பிறகு நேருக்கு நேர் பேசிக்கொண்ட பேச்சு அதுதான். தூக்கும்போது அவன் மூலைதான் தாழ்ந்தது. டயர் கடைக்காரர் அதை வருஷக்கணக்கில் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

தடுப்பைத் திரும்ப அடிக்கும் பேச்சை யாரும் எடுக்கவில்லை. விடுதி மேசையைப் பார்த்தவர்கள் தேடிக்கொண்டு வந்தார்கள். வேலை குவிந்தது. தம்பி கொஞ்சம் கொஞ்சமாகப் பழைய மரத்துக்கே திரும்பினான். ஆனால் இழைப்பு மெஷின் பக்கம் மட்டும் இன்றுவரை போவதில்லை. ஆணி தேடும் வேலையை அவனே எடுத்துக்கொண்டான். ஒரு பலகைக்குக் காந்தம், டிடெக்டர், பிறகு டார்ச் விளக்கு, பிறகு மறுபடி காந்தம். "டேய், பலகையைப் பெண் பார்க்கப் போனவன் மாதிரி பார்க்காத, சீக்கிரம் குடு!" என்று அவள் கத்துவாள். "பார்த்து முடிக்காமத் தர மாட்டேன்" என்று அவன் கத்துவான். தம்பி மனைவி இப்போது மெருகேற்றும் வேலை பார்க்கிறாள். அவள் கைவேலைக்குத் தனியாகவே ஆட்கள் கேட்டு வருகிறார்கள்.

போன வருஷம் வியாபாரிகள் சங்கத்திலிருந்து செயலாளர் வந்தார். ஆண்டு விழாவில் அவளுக்குப் பரிசு தருவதாக முடிவு செய்திருக்கிறார்களாம். பரிசுக்குப் பெயர் 'தளராத நெஞ்சம்'.

"எதுக்குத் தர்றீங்க?" என்றாள் அவள், மெஷினை அணைத்துவிட்டு.

"விரல் போயும் மனம் தளராம இந்தத் தொழிலைச் செய்யறீங்களே. எத்தனை பேருக்கு ஊக்கம்!"

"விரல் போனதுக்குப் பரிசு வேணாம். அது நான் ஆசைப்பட்டுச் செஞ்ச வேலை இல்ல. அந்தா நிக்குது பாருங்க நான் செஞ்ச அலமாரி, அது நல்லா இருக்குன்னு தோணினா அதுக்குக் குடுங்க, ரெண்டு கையையும் நீட்டி வாங்கிக்கிறேன்."

செயலாளர் தம்பியைப் பார்த்தார். முன்பென்றால் அவன் குழைந்து பேசிச் சமாளித்திருப்பான். இப்போது அவன் டிடெக்டரைப் பலகை மேல் ஓட்டிக்கொண்டே, "அக்கா சொன்னா சொன்னதுதான் சார்" என்றான்.

"சரி, ஒரு போட்டோவாவது... அந்தக் கையைக் கொஞ்சம் முன்னாடி நீட்டினீங்கன்னா..."

அவள் கையை இடுப்புக்குப் பின்னால் கட்டிக்கொண்டு அலமாரிக்குப் பக்கத்தில் ஒதுங்கி நின்றாள். "இதோட கதவைத் திறந்து மூடிப் பாருங்க. உள்பக்கம் பாருங்க. அதைப் படம் எடுங்க."

அவர் வேறு வழியில்லாமல் கதவைத் திறந்தார், மூடினார். சத்தமே இல்லாமல் அது பொருந்தியதைப் பார்த்து இன்னொரு தரம் திறந்து மூடினார். பிறகு உள்ளே தலையை விட்டு எட்டிப் பார்த்து, மெய்யாகவே ஒரு படம் எடுத்தார். வாசலில் லாரி ஹாரன் கேட்டது. எங்கோ இடித்த பழைய அச்சகத்தின் உத்தரங்கள் வந்திருந்தன. அவர் தலையை வெளியே எடுத்துத் திரும்பியபோது அவள் அங்கே இல்லை. லாரியின் பின்பலகையைத் திறந்துவிட்டு, "அந்தப் பெருசை முதல்ல இறக்குங்க, இழுக்காதீங்க, தூக்குங்க!" என்று ஆட்களை விரட்டிக்கொண்டிருந்தாள்.